நானோவும் நம்மூர்க் குப்பையும்: வாசகர் கேள்வி – பதில்

குப்பை, கழிவுநீர், சாம்பல் இவற்றைச் சமாளிக்க நானோ தொழில்நுட்பம் எந்த அளவுக்கு உதவும் என்று டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் இங்கே பதில் எழுதுகிறார்கள்.

எங்கள் ஊராட்சிக் குப்பைக் கிடங்கில் தெளிக்க ‘நானோ திரவம்’ என்று ஒரு கேன் கொண்டுவந்து காட்டினார்கள். தெளித்த அரைமணி நேரத்தில் நாற்றம் போய்விட்டது. ஏழே நாளில் குப்பை உரமாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வார்டு உறுப்பினர், திருத்துறைப்பூண்டி வட்டம்

அரைமணியில் நாற்றம் போனது என்றால் அங்கேதான் உஷாராக வேண்டும். நாற்றத்தை அவ்வளவு வேகமாக அடக்குவது ஒன்று வாசனைப் பொருளாக இருக்கும், இல்லை கிருமிக்கொல்லியாக இருக்கும். ‘நானோ’ என்று விற்கும் கிருமிக்கொல்லிகளில் அதிகம் அடிபடுவது வெள்ளித் துகள். அது பாக்டீரியாவைக் கொல்லும், சந்தேகமே இல்லை. ஆனால் குப்பையை மட்க வைப்பதும் பாக்டீரியாதானே? இதை நல்லது அதைக் கெட்டது என்று வெள்ளிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

விற்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். உள்ளே இருக்கும் துகள் எது? ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம்? பாதுகாப்புத் தகவல் தாள் எங்கே? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பதில் வந்தாலும் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே நாள் வந்த மக்கும் குப்பையை இரண்டு குவியலாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கன மீட்டராவது இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் சூடு நிற்காது. ஒன்றுக்கு அந்தத் திரவம், மற்றொன்றுக்கு அதே அளவு வெறும் தண்ணீர். மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். நன்றாக மட்கும் குவியலில் 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும், கம்பியைக் கையில் வைத்திருக்க முடியாது. தண்ணீர் தெளித்தது சுட்டு, திரவம் தெளித்தது வெதுவெதுப்பாகவே இருந்தால், காசு கொடுத்து நுண்ணுயிரைக் கொன்றிருக்கிறீர்கள்.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரமும் காற்றின்மையும்தான். காய்கறிக் கழிவு மூன்று கூடைக்கு நறுக்கிய வைக்கோல் ஒரு கூடை கலந்து, மேலே சாணக் கரைசல் தெளியுங்கள். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டுதான் வரவேண்டும். ஒழுகினால் இன்னும் வைக்கோல் போடுங்கள். வாரம் ஒருமுறை புரட்டிவிட்டால் 45 முதல் 60 நாளில் உரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேலே கூரையும் கீழே ஓரடி உயர மேடையும் இல்லாமல் டெல்டாவில் எந்தக் குவியலும் தேறாது. முடிந்துவிட்டதா என்று பார்க்க, உரத்தைக் கொஞ்சம் ஈரமாக்கி 20 பச்சைப்பயறு போடுங்கள். குறைந்தது பதினாறு பயறு முளைக்காவிட்டால் இன்னும் மட்கவில்லை என்று அர்த்தம்.

நானோ என்றால் மிகச் சிறியது என்று பாடத்தில் சொல்லிவிடுகிறோம். சிறியதாவதால் என்ன லாபம் என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.
– பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

நிலக் கணக்கில் சொல்லிப் பாருங்கள், டெல்டாப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்துக்கு ஆறு முகம், மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே பொருளை ஒரு நானோமீட்டர் (சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர், நம் கணக்கில் நாலரை மா! எடை ஒரு மில்லிகிராம்கூட ஏறவில்லை. அழுக்கு ஒட்டுவதும் வேதிவினை நடப்பதும் மேற்பரப்பில்தான் என்பதால் ஒரு சிட்டிகை இரும்பு ஒரு குவியல் இரும்பின் வேலையைச் செய்கிறது.

கூடவே இதையும் சொல்லிவிடுங்கள்: அவ்வளவு சின்னத் துகளைத் தண்ணீரில் விட்டால் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. கீழே வரும் பதில்கள் பலவற்றில் இந்தத் தலைவலிதான் திரும்பத் திரும்ப வரும்.

புழுங்கல் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். பாய்லரில் உமிதான் எரிக்கிறோம். சாம்பலைக் கொட்ட இடமில்லை, அக்கம்பக்கத்தில் கண்ணில் விழுகிறது என்று சண்டை. அதிலிருந்து ‘நானோ சிலிக்கா’ எடுத்தால் நல்ல விலை என்கிறார்களே?
– ஆலை உரிமையாளர், நீடாமங்கலம்

எடுக்கலாம். உங்கள் ஆலையில் எடுக்கலாமா என்பது வேறு கேள்வி.

ஒரு டன் நெல்லுக்குச் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள். நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் சேர்த்துவைக்கும் பொருள் அது. ஏற்கெனவே நுண்ணிய நிலையில்தான் உமிக்குள் இருக்கிறது. நாம் எரிக்கும் விதத்தில்தான் கெடுக்கிறோம். சுமார் 700 டிகிரிக்குள் எரித்தால் அது ஒழுங்கற்ற, எளிதில் கரையும் சிலிக்காவாக நிற்கும். 800-ஐத் தாண்டினால் படிகமாகத் தொடங்கும். உமியில் உள்ள பொட்டாசியம் வேறு சிலிக்காவை இளகவைத்து, எரியாத கரியை உள்ளே மூடிவிடுகிறது. பாய்லர் சாம்பல் கறுப்பாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் உங்கள் சாம்பல் எந்த ரகம் என்று ஏதாவது கல்லூரி ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள். 10 கிராம் சாம்பல், 80 மில்லி தண்ணீர், அதில் 8 கிராம் காஸ்டிக் சோடா. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் கிளறிக்கொண்டே மூன்று மணி நேரம் கொதிக்கவிட வேண்டும், வற்றும் தண்ணீரை அவ்வப்போது ஈடுகட்ட வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. வடிகட்டி, கசடைக் கழுவி, உலர்த்தி எடை போடுங்கள். ஒன்றிரண்டு கிராம்தான் மிஞ்சியது என்றால் நல்ல சாம்பல். நிறைய மிஞ்சி, கறுப்பாக இருந்தால் எரியாத கரி. வெளுத்து, விரலில் மணல்போல நெருடினால் சிலிக்கா படிகமாகிவிட்டது, அடுப்புச் சூடு மிஞ்சிவிட்டது.

வடிந்த தெளிநீர் சோடியம் சிலிக்கேட். அதில் ஒரு நார்மல் (1 N) செறிவுள்ள கந்தக அமிலத்தைத் துளித்துளியாக விட்டுக் கலக்கினால், காரம் குறைந்து பி.எச். 10-க்குக் கீழே இறங்கும்போது களி கட்டத் தொடங்கும். 7 வரை கொண்டுவந்து, ஒரு நாள் அப்படியே வைத்து, களியை உடைத்துக் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவி, 80 டிகிரியில் உலர்த்தினால் வெள்ளைத் தூள். இரண்டு இடத்தில் சறுக்கும். அமிலத்தை அவசரமாக ஊற்றினால் பானை முழுதும் ஒரே கட்டியாகிவிடும், உள்ளே மாட்டிய உப்பு வெளியே வராது. உலர்த்தும்போது தண்ணீரின் இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டவைத்துவிடும், நானோவாக ஆரம்பித்தது மைக்ரானாக முடியும். கடைசிக் கழுவலை எத்தனாலில் செய்தால் இந்த ஒட்டல் குறையும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த 8 கிராம் காஸ்டிக்கை முறிக்க அமிலம் சுமார் 200 மில்லி செலவாகும். கையில் கிடைப்பது எட்டொன்பது கிராம் சிலிக்கா. கழுவிய நீரில் போவது 14 கிராம் சோடியம் சல்பேட். எடுத்த சரக்கைவிட உப்புக் கழிவு அதிகம்! ஒரு டன் சாம்பலுக்கு இது ஒன்றரை டன் உப்பை நெருங்கும். அதை வெண்ணாற்றிலோ பாசன வாய்க்காலிலோ விட்டால், இன்று சாம்பலுக்குச் சண்டை போடுகிறவர்கள் நாளை வேறு காரணத்துக்குச் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

இதற்கு மாற்று, அமிலத்துக்குப் பதில் கரியமில வாயுவைச் செலுத்துவது. சிலிக்கா பிரிந்து சோடியம் கார்பனேட் மிஞ்சும். அதில் சுண்ணாம்பைப் போட்டால் காஸ்டிக் திரும்பக் கிடைக்கும், சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உமிச் சாம்பலுக்கு இந்த வழியில் தொழில்நுட்பம் உருவாக்கியிருக்கிறது. ஆனால் ஒற்றை ஆலைக்கு இது தாங்காது, பல ஆலைகள் கூடிச் சாம்பலைச் சேர்த்தால்தான் கட்டும். அதுவரை சிமென்ட், செங்கல் பக்கம் விற்கப் பாருங்கள். சாம்பலை வெளியே இழுத்தவுடன் தண்ணீர் தெளித்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். படிகச் சிலிக்காத் தூசி கண்ணோடு நிற்பதில்லை, நுரையீரலைக் கெடுக்கும். சாம்பல் அள்ளும் ஆளுக்குத் துண்டு போதாது, என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

அறிவியல் கண்காட்சிக்கு, கழிவிலிருந்து செய்யக்கூடிய நானோ பொருள் ஒன்று வேண்டும். செலவு குறைவாக இருக்கணும்.
– பாலிடெக்னிக் மாணவர், மன்னார்குடி

காந்தக் கரி செய்யுங்கள் தம்பி. உமிக்கரி சாயத்தை ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் பதிந்த நானோ மாக்னடைட் (காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு) காந்தத்துக்கு ஓடிவரும்.

ஆலைச் சாம்பலில் கறுப்பாக உள்ளதைச் சலித்து, கழுவி, உலர்த்தி 10 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் 5.4 கிராம் பெரிக் குளோரைடு (நீரேறிய மஞ்சள் கட்டி), 2.8 கிராம் அன்னபேதி (பெரஸ் சல்பேட்) இரண்டையும் கரையுங்கள். கரியைப் போட்டு 60 – 70 டிகிரிக்குச் சூடாக்கி, கலக்கிக்கொண்டே 25 சதவீத அமோனியாவை மெதுவாக 10 – 12 மில்லி விடுங்கள். பி.எச். 10-க்கு வரவேண்டும். கரியே கறுப்புதான், அதனால் நிறத்தை நம்பாமல் ஓரத்தில் தெளியும் துகளைக் கவனியுங்கள். அரைமணி கழித்துக் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் பிடித்து, மேல்நீரைக் கொட்டிக் கொட்டிக் கழுவுங்கள். கணக்குப்படி இதில் 2.3 கிராம் மாக்னடைட் உருவாகும். அமோனியா நெடி கண்ணைப் பறிக்கும், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, ஆய்வகத்தின் புகைக்கூண்டில் செய்யுங்கள்.

காந்தம் இழுக்கவில்லை, துகள் செங்காவியாக இருக்கிறது என்றால் தப்பு பெரும்பாலும் அன்னபேதியில்தான். புதுச் சரக்கு வெளிர்பச்சையாக இருக்கும். டப்பாவில் கிடந்து பழுப்புப் பொடி பூத்திருந்தால் அது ஏற்கெனவே காற்றில் பாதி துருவாகிவிட்டது. இரண்டு பங்கு பெரிக், ஒரு பங்கு பெரஸ் என்ற விகிதம் கெட்டால் மாக்னடைட் வராது. கண்காட்சியில் மெத்திலீன் நீலச் சாயக் கரைசலில் இதைப் போட்டுக் குலுக்கி, காந்தத்தால் ஒதுக்கிக் காட்டுங்கள். சாயம் ஏறிய கரியைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், தனி டப்பாவில் போட்டுக் கல்லூரியிடம் ஒப்படையுங்கள்.

பட்டுக்குச் சாயம் போடுகிறோம், நாளைக்கு ஐந்நூறு லிட்டர் கழிவுநீர் வரும். டைட்டானியம் தூளைப் போட்டு வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும் என்று கேள்விப்பட்டோம்.
– சாயப்பட்டறை நடத்துபவர், திருபுவனம்

போகும், ஆய்வகத்தில். நானோ டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதா ஒளியில் மட்டும் வேலை செய்யும். வெயிலில் அந்த ஒளி 4 – 5 சதவீதம்தான். லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம் வரை போடுவார்கள். அதற்கு மேல் போட்டால் தண்ணீர் பால்போல் கலங்கி ஒளியே உள்ளே இறங்காது. நீர் ஆழம் நாலைந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஐந்நூறு லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் தட்டு தேவை. மார்கழி மூட்டத்தில் என்ன செய்வீர்கள்? தவிர, தூள் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். கண்ணாடித் தகட்டில் பூசி நிலைநிறுத்தினால் தூள் போகாது, வேகம் குறையும். நிறம் மறைந்தது சுத்தமானதற்கு அடையாளமும் இல்லை. சாய மூலக்கூறு பாதி உடைந்தாலே நிறம் போய்விடும், உடைந்த துண்டுகள் நீரிலேயே இருக்கும். சி.ஓ.டி. பரிசோதனை (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜனின் அளவு) செய்தால்தான் உண்மை தெரியும்.

உங்கள் பட்டறையில் முதல் வேலை வேறு. கச்சாப் பட்டைச் சவுக்காரம், சோடாவில் அவித்துப் பசை நீக்கும்போது எடையில் 20 – 25 சதவீதம் போய்விடும். கிலோவுக்கு 200 – 250 கிராம் செரிசின் என்ற புரதம் அத்தனையும் தண்ணீரில்தான். இந்த அவித்த நீரும் சாய நீரும் ஒரே தொட்டியில் கலந்தால் எந்த நானோவாலும் சமாளிக்க முடியாது, வினையூக்கியான டைட்டானியம் தூள் புரதத்தைத் தின்றே களைத்துவிடும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள். சாய நீரைப் படிகாரம், சுண்ணாம்பில் தெளியவைத்து, மணல் வடிகட்டி வழியே விடுங்கள்.

சாய நீரில் உண்மையாகவே நிலைத்துவிட்ட நானோ ஒன்று உண்டு: நானோ வடிகட்டிச் சவ்வு. துளை ஒரு நானோமீட்டர் அளவில் இருக்கும். சாயத்தையும் சல்பேட்டையும் தடுத்து, சாதாரண உப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத பட்டறைதான் மறுபடி இயங்கலாம் என்ற நிலை வந்தது. உப்புநீரைத் திரும்ப எடுக்க அங்கே இந்தச் சவ்வு கைகொடுத்தது. பத்திருபது பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தால் திருபுவனத்துக்கும் பொருந்தும். முன்சுத்திகரிப்பு இல்லாமல் சவ்வை மாட்டினால் பசை படிந்து சில வாரங்களிலேயே அடைத்துக்கொள்ளும்.

வீட்டு சாண எரிவாயுக் கலனில் அழுகிய முட்டை நாற்றம், பர்னர் அரித்துப்போகிறது. ‘நானோ இரும்பு’ போட்டால் சரியாகும், வாயுவும் கூடும் என்கிறார்கள்.
– இல்லத்தரசி, பாபநாசம்

இரும்பு நல்ல யோசனைதான் அம்மா, நானோ தேவையில்லை. மாக்னடைட் நானோ துகள் மீத்தேனைக் கூட்டுவதாகப் பல ஆய்வகச் சோதனைகள் உண்டு. ஆனால் தினமும் கழிவுச் சேறு வெளியேறும்போது துகளும் கூடவே போகும், தினமும் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. லேத் பட்டறையில் இரும்புச் சுருள் கிலோக் கணக்கில் கிடைக்கும். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் எண்ணெய் போகக் கழுவி, தண்ணீர் தெளித்து நாலைந்து நாள் வெளியில் போட்டு நன்றாகத் துருவேற விடுங்கள். 4 அங்குலக் குழாயில் இரண்டடி நீளத்துக்குத் தளர்வாக அடைத்து, கலனுக்கும் அடுப்புக்கும் நடுவில் செங்குத்தாகப் பொருத்துங்கள். வாயு கீழிருந்து மேலே போகட்டும், அடியில் ஈரம் வடிய ஒரு திருகு வேண்டும். துரு கறுத்துக்கொண்டே வரும். நாற்றம் மறுபடி தலைகாட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

கறுத்த சுருளைத் தரையில் பரப்பி, நனைத்து, காற்றாட விட்டால் மறுபடி சிவக்கும், இரண்டு மூன்று தடவை இப்படிப் பயன்படும். குழாய்க்குள்ளேயே காற்றை ஊதிப் புதுப்பிக்கப் பார்க்காதீர்கள். அந்த வினை சூடு கக்கும், மிச்ச வாயுவோடு தீப்பிடிக்கும். கழற்றும்போது அடுப்பை அணைத்து, இரு பக்க வால்வையும் மூடிவிடுங்கள்.

இறால் ஓடு மலைபோல் சேருகிறது. அதற்கும் நானோவுக்கும் சம்பந்தம் உண்டா?
– இறால் வியாபாரி, நாகப்பட்டினம்

நெருங்கிய சம்பந்தம். ஓட்டிலிருந்து கைட்டின் என்ற நார்ப்பொருள், அதிலிருந்து கைட்டோசான் எடுக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு உருவாக்கிய, நீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கும் ‘அம்ரித்’ வடிகட்டிப் பொருளில் நானோ அளவு இரும்புச் சேர்மத்தைப் பிடித்துவைத்திருப்பது கைட்டோசான்தான். துகள் கூண்டுக்குள் நிற்கிறது, தண்ணீர் மட்டும் போய்வருகிறது. நானோவை இப்படிக் கட்டிப்போட்டுப் பயன்படுத்துவதுதான் எங்களுக்குப் பிடித்த வழி.

ஆனால் வீட்டுக் கொல்லையில் கைட்டோசான் காய்ச்ச வேண்டாம். சுண்ணத்தை நீக்க அமிலம், புரதத்தை நீக்கக் காரம், கடைசியில் 40 – 50 சதவீதக் காஸ்டிக்கில் சூடாக்கல் என மூன்று கட்டம், மூன்றிலும் கழிவுநீர். ஓட்டை அன்றன்றே கழுவி வெயிலில் உலர்த்தி மூட்டை கட்டுங்கள், வாங்குபவர்களுக்கு வேண்டியது அதுதான். ஈரமாக ஒருநாள் கிடந்தாலே அழுகித் தரம் இறங்கிவிடும்.

நானோ வெள்ளி பூசிய துணி, பாத்திரம் எல்லாம் வருகிறதே, கழுவும்போது போகும் துகள் எங்கே சேரும்?
– வாசகர், முத்துப்பேட்டை

சாக்கடையில் கந்தகம் இருப்பதால் பெரும்பகுதி வெள்ளி சல்பைடாகிவிடும், அதன் வீரியம் வெகுவாகக் குறையும். சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் ஊரில் மிச்சமும் சேற்றோடு படியும். அந்தச் சேற்றை உரமென்று வயலில் போடுவதற்கு முன் உலோகப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். நிலையம் இல்லாத ஊரில் நேராக வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வடிகால், டெல்டாவின் கடைமடை வடிகால்கள் பல உங்கள் ஊர்க் காயலில்தான் வந்து சேர்கின்றன. அலையாத்தி வேரடிச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்தான் நண்டுக்கும் இறால் குஞ்சுக்கும் தீனியைத் தொடங்கிவைக்கிறது. நாற்றமடிக்காத காலுறைக்காக அதைச் சீண்ட வேண்டுமா என்று கேட்டால், சவுக்காரம் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள் என்றுதான் சொல்வோம்.